யார் வீட்டு நாய்?

கனகசெட்டிக்குளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மா அந்த நாணயத்தை உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார். நகைக்கடைத் தராசை நம்பாதவர்கள் செய்வதுபோல. "முப்பது கிராம் இருக்கும்" என்றார். சரியாகச் சொன்னால் 31.1. ஒரு ட்ராய் அவுன்ஸ்.

அலுவலக நண்பர் ஒருவர் லண்டனிலிருந்து வாங்கி வந்து, வாங்கின விலைக்கே எனக்குத் தந்தது. 2018 சீன நாள்காட்டியில் நாய் ஆண்டு. அதற்காக ராயல் மிண்ட் வெளியிட்ட சுத்த வெள்ளி நாணயம். ஒரு பக்கம் எலிசபெத் ராணி, மறுபக்கம் பாய்ந்து வரும் ஒரு குட்டையான நாய். முகமதிப்பு இரண்டு பவுண்டு. வட்டமான பிளாஸ்டிக் டப்பிக்குள் பத்திரமாக இருந்தது. அம்மா முதல் வேலையாக அதைத் திறந்து நாணயத்தை வெளியே எடுத்துவிட்டார். சேகரிப்பாளர்கள் யாராவது பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

"ஒரு ஜோடி மெல்லிசு கொலுசு வந்திருக்குமேடா. சரி, இது யார் வீட்டு நாய்?"

"யார் வீட்டு நாயும் இல்லம்மா. இது ஒரு ஜாதி. வெஸ்ட் ஹைலண்ட் டெரியர்னு பேரு."

"ஜாதி கெடக்கட்டும். நாயோட பேர் இன்னா?"

"பேர் கிடையாது."

"பேரே இல்லாத நாயை எதுக்கு வெள்ளியில அடிச்சான்?"

அப்போது சிரித்துவிட்டேன். பிறகு பெங்களூருக்குத் திரும்பும் பேருந்தில் யோசிக்க யோசிக்க, அது கலை விமர்சனக் கேள்வி என்று பட்டது. நாணயம் கைக்குள் அடங்கும் புடைப்புச் சிற்பம். ஒரு சிற்பத்தைப் பார்த்து "இது யார்?" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நாய் இனங்களைப் பொறித்த வெள்ளி நாணயங்கள் உலகம் முழுக்க விற்கின்றன. அவற்றிடம் அம்மாவின் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் இந்த மாதிரி நாணயங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவிடலாம்.

2024 ஆகஸ்டில் கலைஞர் நூற்றாண்டு நாணயம் சென்னையில் வெளியானபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தன் கேட்டான்: "நூறு ரூபான்னு போட்டிருக்கே, கடையில குடுத்தா வாங்குவானா?" நியாயமான சந்தேகம். 35 கிராம் எடை, அதில் பாதி வெள்ளி, மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். நூறு ரூபாய் என்று எழுதியிருந்தாலும் நூறு ரூபாய்க்குக் கிடைக்காது, நூறு ரூபாயாக யாரும் செலவழிக்கவும் மாட்டார்கள். சட்டப்படி பணம், நடைமுறையில் நினைவுப்பொருள். சேகரிப்பு நாணயம் என்ற வகையே இந்த இரட்டை நிலையில்தான் நிற்கிறது. அரசின் முத்திரை இருப்பதால் அது வெறும் வெள்ளி வில்லை இல்லை. ஆனால் புழங்காததால் பணமும் இல்லை. நம் ஊர் மொழியில் சொன்னால், வெள்ளி விலைக்கு மேல் கொடுப்பது எல்லாம் செய்கூலி, சேதாரம்.

சில சின்ன நிலப்பகுதிகள் இந்தச் செய்கூலியில் ஒரு தொழிலையே கண்டுபிடித்தன. ஐல் ஆஃப் மேன் தீவுக்காக இங்கிலாந்தின் பாப்ஜாய் மிண்ட் என்ற தனியார் அச்சுச்சாலை 1988இல் பூனை நாணயத்தைக் கொண்டுவந்தது. முதல் பூனை அந்தத் தீவுக்கே உரிய வாலில்லாத மான்க்ஸ். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு பூனை இனம். பூனை விற்றதும் நாயும் வந்தது. 1991இல் ஜிப்ரால்டர் பெயரில் கோர்கி, 1992இல் காக்கர் ஸ்பானியல், 1993இல் டாக்ஸ்ஹுண்ட் என்று வரிசை போனது. மான்க்ஸ் பூனைக்காவது அந்தத் தீவோடு ஒரு உறவு உண்டு. கோர்கி வேல்ஸ் நாட்டு நாய், டாக்ஸ்ஹுண்ட் ஜெர்மன் நாய். ஜிப்ரால்டர் பாறைக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம்?

மென்பொருள் எழுதுகிறவனுக்கு இந்த வரிசை உடனே புரியும். ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் ஒவ்வொரு வரியாக எடுத்து அதே அச்சில் வார்த்துக்கொண்டே போகலாம். நாய் இனங்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் பட்டியல் லேசில் தீராது. முதல் மூன்றை வாங்கியவர் நான்காவதை வாங்காமல் இருக்க முடியாது. தொகுப்பில் ஓட்டை விழுந்துவிடும். வாங்குகிறவரைப் பிடித்து வைத்திருப்பது நாய்மேல் உள்ள பாசத்தைவிட அந்த ஓட்டை பற்றிய பயம் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த நாணயங்களில் நான் பார்த்த நாய்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. பக்கவாட்டு நிலை அல்லது மார்பளவு. கழுத்து நிமிர்ந்திருக்கும், வால் இருக்க வேண்டிய கோணத்தில் இருக்கும். சொறியாது, கொட்டாவி விடாது, எதையும் மோந்து பார்க்காது. காரணம் எளிது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது. ஒவ்வொரு இனத்துக்கும் உயரம் இவ்வளவு, காது இப்படி, நிறம் இது என்று எழுதி வைக்கும் வழக்கம் அந்தக் காலத்தில்தான் இறுகியது. அந்த எழுத்துக்கு எந்த நாய் அதிகம் பொருந்துகிறதோ அதற்குப் பரிசு. நாணயச் சிற்பி அந்த எழுத்தைத்தான் வெள்ளியில் மொழிபெயர்க்கிறார். பார்த்து வரைந்த ஒரு நாய் அங்கே இல்லை. அதனால்தான் அதற்குப் பெயரும் இல்லை.

என்னிடம் இருக்கிற டெரியர் கொஞ்சம் பரவாயில்லை. வூன்-கீன் ஹோ என்ற கலைஞர் வடிவமைத்தது. குறைந்தபட்சம் பாய்கிறது, உடம்பில் ஓர் உற்சாகம் இருக்கிறது. ஆனால் சீன ராசிச் சக்கரத்தின் நாய்க்கு இனம் கிடையாது. அது வெறும் நாய், பன்னிரண்டில் ஒன்று. லண்டனுக்கு வந்ததும் அதற்கு ஒரு ஸ்காட்லாந்து ஜாதிச் சான்றிதழ் தேவைப்பட்டிருக்கிறது.

*

எல்லா இன நாணயமும் மோசம் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். ஆனால் எனக்குப் பிடித்த நாணயங்களில் ஒன்றே நாய் இனம் பொறித்ததுதான்.

சுதந்திர அயர்லாந்து தனக்கென்று நாணயம் வேண்டும் என்று முடிவு செய்தபோது 1926இல் ஒரு குழு அமைத்தார்கள். தலைவர், கவிஞரும் அப்போது செனட்டருமான டபிள்யூ.பி. யேட்ஸ். நாணயங்களில் தலைவர்களின் முகம் வேண்டாம், நாட்டின் விலங்குகளும் பறவைகளும் போதும் என்று முடிவானது. கலைஞர்களை அழைத்துப் போட்டி வைத்தார்கள். இங்கிலாந்துச் சிற்பி பெர்சி மெட்காஃப் வென்றார். 1928இல் எட்டு நாணயங்கள் வந்தன. பென்னியில் குஞ்சுகளோடு கோழி, அரைப் பென்னியில் குட்டிகளோடு பன்றி, அரைக் கிரவுனில் குதிரை. ஆறு பென்ஸில் வுல்ஃப்ஹவுண்ட், அயர்லாந்தின் ஓநாய் வேட்டை நாய்.

பெரிய நாணயங்கள் வெள்ளியில் வந்தன. நாய் நிக்கலில் வந்தது. சேகரிப்பாளர் கணக்கில் அது இரண்டாம் தரம். ஆனால் அந்த நாய் 40 வருஷத்துக்கு மேல் புழங்கியது. சட்டைப்பையில் சாவியோடு உரசியிருக்கும், ரொட்டிக் கடைக் கல்லாவில் கிடந்திருக்கும், குழந்தைகள் உள்ளங்கையில் வியர்த்திருக்கும். தேய்ந்த ஆறு பென்ஸில் முதலில் விலா எலும்புக் கோடுகள் மழுங்குகின்றன, பிறகு கண். கடைசியில் ஒரு நெடிய முதுகின் வளைவு மட்டும் மிஞ்சுகிறது. ஒரு நாயைத் தடவிக்கொடுத்தே தேய்த்தது மாதிரி. டப்பிக்குள் இருக்கும் நாய்க்கு இந்த வாழ்க்கை வாய்க்காது.

இதில் வேறொரு வேடிக்கையும் உண்டு. ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் பழம்பெருமையின் சின்னமாக நாணயத்தில் ஏறியது. ஆனால் ஓநாய்கள் அழிந்தபின் அந்த நாயும் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கேப்டன் ஜார்ஜ் கிரஹாம் என்பவர் மிச்சமிருந்த சில நாய்களோடு ஸ்காட்லாந்து டீர்ஹவுண்ட், கிரேட் டேன் போன்றவற்றைக் கலந்து திரும்பவும் உருவாக்கினார். தொன்மையான தூய இனம் என்று நாம் பார்ப்பது, யேட்ஸ் குழு கூடுவதற்கு அரை நூற்றாண்டு முன்பு கட்டி எழுப்பப்பட்டது. தூய்மை என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் யார் எப்போது கலந்தார்கள் என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. இது நாய்க்கு மட்டுமான அறிவுரை இல்லை.

*

நாய் வெள்ளி நாணயத்தில் ஏறியது இன்று நேற்று இல்லை. சிசிலித் தீவின் செகெஸ்டா நகரம் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே வேட்டை நாய் பொறித்த வெள்ளிக் காசுகளை அடித்தது. ஒல்லியான, காது விறைத்த நாய். அந்த ஊரின் தோற்றக் கதையில் கிரிமிசோஸ் என்ற ஆற்றுத் தெய்வம் நாய் உருவில் வருகிறது. அந்தக் காசைப் பார்த்து "இது யார்?" என்று செகெஸ்டாக்காரரைக் கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும்: எங்கள் ஆறு.

நான் இந்த வகையில் உச்சம் என்று நினைப்பது கி.மு. 82இல் ரோமில் அடித்த ஒரு டெனாரியஸ். எடை நாலு கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. விளிம்பு முழுக்க ரம்பப் பல் மாதிரி வெட்டு. முன்பக்கம் மெர்குரி. பின்பக்கம் கையில் தடியோடு நடந்து வரும் ஒரு மனிதன், அவனை நோக்கித் தலையை உயர்த்தி நெருங்கும் ஒரு நாய். மனிதன் ஒடிசியஸ். நாயின் பெயர் ஆர்கோஸ்.

கதை தெரிந்ததுதான். இருபது வருஷம் கழித்து ஒடிசியஸ் பிச்சைக்காரன் வேஷத்தில் சொந்த வீட்டு வாசலுக்கு வருகிறான். கிளம்பும் முன் அவனே வளர்த்த நாய் இப்போது கிழமாகி, உண்ணி மொய்க்க, சாணக் குவியலில் கிடக்கிறது. யாருக்கும் அடையாளம் தெரியாதவனை அது கண்டுகொள்கிறது. காது தாழ்கிறது, வால் ஆடுகிறது. எழுந்து வரத் தெம்பில்லை. அவனாலும் கிட்டே போக முடியாது, போனால் வேஷம் கலைந்துவிடும். முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். நாய் செத்துப்போகிறது.

நாணயத்தைத் திரும்பப் பாருங்கள். அதில் நாய் நாலு காலில் நிற்கிறது. அவனிடம் வருகிறது. ஹோமர் மறுத்ததைச் சிற்பி கொடுத்துவிட்டான். இதைப் பிழை என்றும் சொல்லலாம். சாணக் குவியலில் படுத்துக் கிடக்கும் நாயைக் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் காட்டினால் யாருக்கும் புரியாது, அதனால் எழுப்பி நிறுத்தினான் என்று தொழில்நுட்பக் காரணமும் சொல்லலாம். எனக்கு அது கருணையாகத் தெரிகிறது. இரண்டாயிரம் வருஷமாக அந்த நாய் வெள்ளியில் எழுந்து நடந்துகொண்டிருக்கிறது.

இதை ரொம்பப் புனிதப்படுத்தவும் வேண்டாம். நாணயத்தை அடித்த அதிகாரி கையஸ் மமிலியஸ் லிமெட்டானஸ். மமிலியஸ் குடும்பம் தங்களை ஒடிசியஸின் மகன் டெலிகோனஸின் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டது. ஆக இது குடும்ப விளம்பரம். நம் ஊர் போஸ்டர்களில் வம்சப் பெருமை பேசுவதுபோலத்தான். ஆனால் விளம்பரத்துக்குக்கூட அவர்கள் எடுத்துக்கொண்டது குறிப்பிட்ட ஒரு நாயை, அதன் வாழ்வின் குறிப்பிட்ட ஒரு நொடியை. ஆர்கோஸ் எந்த இனம் என்று அந்தக் காசைப் பார்த்து யாரும் கேட்பதில்லை.

*

ரோம வெள்ளி நம் கரைக்குப் புதிதில்லை. கனகசெட்டிக்குளம் புதுச்சேரியின் வடக்குக் கோடி. ஊர் தாண்டினால் தமிழ்நாடு. அங்கிருந்து அதே கரையில் தெற்கே போய், புதுச்சேரி நகரம் தாண்டினால் அரிக்கமேடு. 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மது ஜாடிகளும் இத்தாலியச் சிவப்பு மட்பாண்டங்களும் வந்தன. தமிழ்நாட்டில் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் அதிகம் இருப்பது அகஸ்டஸ், திபேரியஸ் தலைகள். மிளகுக்குப் பேரரசர்கள் வந்தார்கள்.

நாயைத் தேடுகிறவர்கள் கடற்கரையை விட்டு மேற்கே போக வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்தில் தண்டராம்பட்டுப் பக்கம் எடத்தனூர் என்ற ஊர். அங்கே ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. வட்டெழுத்து. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் இறந்தான். அவனுக்கு எடுத்த கல்லில் அவனோடு ஒரு நாயும் இருக்கிறது. அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்திருந்தது என்று கல் சொல்கிறது.

அந்தக் கல்லின் இலக்கணம் எனக்கு ஆச்சரியமானது. அரசனுக்கு ஒரு பெயர், இறந்தவனுக்கு ஒரு பெயர், நாய்க்கு ஒரு பெயர். எல்லாம் ஒரே உளியில், ஒரே எழுத்தளவில். எழுத்து அபூர்வமாக இருந்த காலத்தில், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருவர் வெயிலில் உட்கார்ந்து கல்லைக் கொத்த வேண்டிய காலத்தில், "அவனுடைய நாய்" என்று முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. பெயரைச் சொன்னார்கள், என்ன செய்தது என்றும் சொன்னார்கள்.

அந்த வினைச்சொல்லையும் கவனிக்க வேண்டும். காத்திருந்தது. பாதுகாத்தது என்றும் படிக்கலாம். இன்றைய காதுக்குக் காத்துக்கொண்டு இருந்தது என்றும் கேட்கிறது. எசமான் விழுந்த இடத்தில் கள்ளனைக் கடித்துவிட்டு அந்த நாய் நின்ற நேரத்தில் இரண்டுமே நடந்திருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு வரும், வரவேண்டும். ஆர்கோஸும் கோவிவனும் பெயர் பெற்றது மனிதனுக்கு விசுவாசமாக இருந்ததால்தானே? நாய்க்கு நாம் போடும் வாடகை அது. கடிக்காத, காக்காத, சும்மா வாழ்ந்து செத்த நாய்க்கு யார் கல் நட்டார்கள்? உண்மைதான். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கோவிவனின் கல் ஒரு உயிர் செய்ததைச் சொல்கிறது. இன நாணயம் ஒரு உடல் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. முதலாவது கடந்துபோனதை நினைக்கிறது. இரண்டாவது, இனிமேல் பிறக்கப்போகும் குட்டிகளுக்கு விதி எழுதுகிறது.

*

அந்த விதி என்ன செய்யும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம், ராஜபாளையம் போதும்.

இந்திய நாணயங்களில் விலங்குகளுக்கு இடம் உண்டு. 1950இல் வந்த குடியரசின் முதல் காசுகளில் சாரநாத் தூணின் காளையும் குதிரையும் இருந்தன. 1988இல் வந்த 25 பைசாவின் காண்டாமிருகம் என் தலைமுறையின் டவுசர் பையில் கிடந்தது; 2011 ஜூன் மாதத்தோடு அதுவும் செல்லாக்காசானது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்த சின்ன வெள்ளிப் பணத்தில் கிரீடமும் லில்லிப் பூக்களும் இருந்தன, 1830களில் சேவல் வந்து உட்கார்ந்தது. நாய்க்கு நம்மூரில் கிடைத்தது வெள்ளி இல்லை, காகிதம்.

2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை நான்கு நாய்த் தலைகளை வெளியிட்டது. இமாலய மேய்ப்பு நாய், ராம்பூர் ஹவுண்ட், முதோல் ஹவுண்ட், ராஜபாளையம். முதல் மூன்றும் ஐந்து ரூபாய், ராஜபாளையம் பதினைந்து. தெற்கத்திப் பெருமைக்கு இது போதாதா? நானும் பெருமைப்பட்டவன்தான். அஞ்சல் தலை, சேகரிப்பு நாணயத்தைவிட நேர்மையான பொருள் என்று இன்றைக்கும் சொல்வேன். முகமதிப்புக்கே கிடைக்கும், ஒட்டினால் கடிதம் போகும், நாயின் முகத்தில் கறுப்பு முத்திரை விழும். தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற சு. தியடோர் பாஸ்கரன் 2017இல் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். நாட்டு இனங்களை நாம் எப்படிக் கைவிட்டோம் என்பதைப் படிக்க அது நல்ல தொடக்கம்.

கைவிட்டோம் என்பது உண்மை. அதனால் இனங்களைக் கொண்டாடுவதே தப்பு என்று சொல்ல என்னால் முடியாது. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்ற பெயர்கள் ஊரோடும் வெயிலோடும் வேட்டையோடும் சேர்ந்தவை. இந்தக் காலநிலைக்குப் பழகிய உடல்கள். ஹஸ்கியை வாங்கி ஏ.சி. அறையில் மூச்சு வாங்க வைப்பவர்களிடம் இந்தப் பெயர்களைச் சொல்வது அவசியம். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் முதோல், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாவற்றையும் சொன்னார்.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. பெயர் பட்டியலாகும்போது, பட்டியல் படமாகும்போது, படம் அளவுகோலாகும். முதோல் ஹவுண்ட் என்று அஞ்சல் தலையில் இருக்கும் நாயையே கென்னல் கிளப் ஆஃப் இந்தியா கேரவன் ஹவுண்ட் என்று பதிவு செய்கிறது. ஒரே நாய், இரண்டு பதிவேடு. நாய்க்கு அதனால் நஷ்டமில்லை. ராஜபாளையத்துக்கு நஷ்டம் இருக்கிறது. அஞ்சல் தலையில் இருப்பது பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. அதுதான் ராஜபாளையம் என்று எல்லோருக்கும் மனதில் பதிந்திருக்கிறது. ஆனால் இந்த இனத்தில் வேறு நிறக் குட்டிகளும் பிறந்திருக்கின்றன. வெள்ளை மட்டுமே விலை போகும் என்பதால் அவற்றை ஒதுக்கினார்கள், பிறந்ததும் கொன்றதும் உண்டு. இப்படி வெள்ளையை வெள்ளையோடு மட்டுமே சேர்த்துச் சேர்த்து, இன்று ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு தெரிந்த பிரச்சினை. நிறமிகள் இல்லாமல் போவதற்கும் உள்காது கெடுவதற்கும் உயிரியலில் தொடர்பு உண்டு. டால்மேஷியனிலும் இதே கதைதான்.

கூப்பிட்டால் கேட்காத நாயை நாம் செய்திருக்கிறோம், படத்துக்கு அழகாக இருக்கும் என்பதற்காக. பெயர் வைத்தாலும் அதற்குக் கேட்காது.

நாளைக்கே ராஜபாளையம் பொறித்த வெள்ளி நாணயம் வந்தால் முகநூலில் எவ்வளவு கொண்டாட்டம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெள்ளியில் அந்த வெள்ளை நாய் அபாரமாக இருக்கும். என் லண்டன் நாணயத்தின் டெரியரும் வெள்ளை இனம்தான் என்பது தற்செயலாக இருக்கலாம். என்னை யாராவது கேட்டால், அந்த நாணயத்தில் ஒரு பழுப்புக் குட்டியையும் சேர்த்து அடியுங்கள் என்பேன். ஒதுக்கப்பட்டது. கேட்கமாட்டார்கள், தெரியும்.

*

ஒரு பக்கம் அஞ்சல் தலையும் வானொலி உரையும். இன்னொரு பக்கம் 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லியின் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. பதினொரு நாளில் வேறொரு அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. இந்தச் சண்டையில் தெருநாய்ப் பக்கம் நின்று கண்ணீர் விடுவது எனக்குச் சுலபமில்லை. எங்கள் ஊரில் கடி வாங்கிய பிள்ளைகளைத் தெரியும். வெறிநாய்க்கடி வந்தால் பிழைப்பதில்லை. தடுப்பூசி, கருத்தடை, குப்பை அள்ளுதல் எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் கவனித்தது விவாதத்தின் மொழியை. ஒரு பக்கம் இனம் உள்ள நாய், அதற்கு மரபு, பெருமை, படம். இன்னொரு பக்கம் எண்ணிக்கை. இத்தனை லட்சம் நாய்கள், இத்தனை ஆயிரம் கடிகள். இரண்டிலும் ஒரு நாய்கூட இல்லை. நாணயத்தில் இருப்பது வகை, நீதிமன்றத்தில் இருப்பது தொகை.

கனகசெட்டிக்குளத்தில் மணி என்று ஒரு நாய் இருந்தது. எங்கள் வீட்டு நாய் என்று சொல்ல முடியாது. காலையில் கடற்கரையில் படகு நிழலில் படுத்திருக்கும், மத்தியானம் எங்கள் வாசல், சாயங்காலம் ஈ.சி.ஆர். டீக்கடை. செம்மண் நிறம், ஒரு காது மடங்கியது. யாரையும் காப்பாற்றியதாக வரலாறு இல்லை. கள்ளனைக் கடித்ததும் இல்லை. மீன் தலைக்கு வரும், தின்றுவிட்டுப் போய்விடும். நான் கல்லூரி முடித்த வருஷம் ஒரு மழை நாளில் அது வரவில்லை, பிறகும் வரவில்லை.

அதற்குப் படம் கிடையாது. அக்காவின் வளைகாப்பு ஆல்பத்தில் ஒரு போட்டோ இருக்கிறது. பந்தலுக்குக் கீழே உறவுக்காரர்கள் வரிசையாக நிற்க, ஓரத்தில் ஒரு நாயின் பின்பாதி மட்டும். இரண்டு கால், ஒரு வால், வாலும் ஆடியதில் மங்கியிருக்கிறது. தலை போட்டோவுக்கு வெளியே, அநேகமாக இலை போட்ட திசையில். ஆல்பத்தை யாருக்குக் காட்டினாலும் அம்மா அந்தப் பக்கம் வந்ததும் விரல் வைத்து நிறுத்துவார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை அடையாளம் காட்டும் அதே குரலில்தான் சொல்வார்: "இது மணி."

லண்டன் நாணயம் இப்போது அம்மாவின் அலமாரியில், குங்குமச் சிமிழ் பக்கத்தில் இருக்கிறது. டப்பி எங்கே போனதென்று தெரியவில்லை. காற்றும் கையும் பட்டு ஓரம் கறுக்க ஆரம்பித்துவிட்டது. சேகரிப்பாளர் கணக்கில் அதன் மதிப்பு போய்விட்டது. போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது திருநீறு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாயின் முகம் கொஞ்சம் மழுங்கியிருந்தது.

"பேர் வச்சிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"அது வெளியூர் நாய். வந்தா பாத்துக்கலாம்" என்றார்.